மாடிப்படி ராணியின் கவுன்

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அண்ணன் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். கையில் ஓட்டலிலிருந்து கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலம். தலையெல்லாம் மழைத் துளி.

"தியேட்டர் திறப்பு விழாவுக்கு இப்ப பேரா இருக்கற அந்தப் பெரிய நடிகை வர ஒத்துக்கிட்டாங்களாம். ஆனா ஒரே ஒரு கண்டிஷன். மியூசியத்துல இருக்கற கவுனைப் போட்டுக்கிட்டுத்தான் மேடை ஏறுவாங்களாம்."

அண்ணி சூப் கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டாள். "எந்தக் கவுன?"

"நம்ம மியூசியத்துல எத்தனை கவுன் இருக்கு?"

நான் அவர்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். அண்ணன், அண்ணி என்பதெல்லாம் பழக்கத்தில் கூப்பிடுவது. டெலிபோன் ஆபீசில் வேலை. ராத்திரிச் சாப்பாடு அவர்களோடுதான் என்று பேச்சு. ஆகவே அந்த வீட்டுச் சண்டை, சமாதானம் எல்லாவற்றிலும் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அது வெளுத்துப்போயிருந்தது.

அண்ணிக்கு ஊர் மியூசியத்தில் காப்பாளர் வேலை. பேர்தான் பெரிது. டிக்கெட் கிழிப்பது, தரை துடைப்பது, பள்ளிப் பிள்ளைகள் வந்தால் விளக்கம் சொல்வது எல்லாம் அவள் ஒருத்திதான். பழைய தண்ணீர் வாரியக் கட்டடத்தின் மேல்தளத்தில் இரண்டு அறைகள். முன்னறையில் நின்றுபோன கடிகாரங்கள், துருவேறிய பூட்டுகள், கண்ணாடித் தொட்டிக்குள் இரண்டு தலைக் கன்றுக்குட்டி. அந்தக் கன்றுக்குட்டிதான் வெகுகாலம் அங்கே கதாநாயகன். அப்புறம் கவுன் வந்தது.

இந்த ஊரில் பிறந்து சினிமாவுக்குப் போய்க் கொடி கட்டிப் பறந்த ஒருத்தியின் கவுன் அது. ஒரு படத்தில், அரண்மனை மாடிப்படியில், கவுன் பின்னால் புரள அவள் இறங்கி வருவாள். பேச மாட்டாள், பாட மாட்டாள். வெறுமனே இறங்குவாள். அதைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். அதிலிருந்து அவளுக்கு 'மாடிப்படி ராணி' என்றே பேர் விழுந்துவிட்டது. சாவதற்கு முன் தன் ஊருக்கென்று அவள் கொடுத்தனுப்பியது இந்த ஒன்றைத்தான்.

வந்தபோது அது ஒரு கம்பி ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்விளிம்பு முழுக்கக் கண்ணாடி மணிகள். அந்த மணிகளின் கனமே தோள்பட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. துணி காப்பதைப் பற்றித் தலைநகரத்து மியூசியத்தில் தங்கிப் படித்துவிட்டு வந்தவள் அண்ணி. அன்றைக்கே அதை இறக்கி, குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல ஒரு நீளப் பெட்டியில் படுக்கவைத்தாள். அடியில் ஒரு பலகை, அதன்மேல் அமிலமில்லாத தாள், மடிப்பு விழுகிற இடத்திலெல்லாம் தாளைச் சுருட்டிச் செய்த திண்டு, மேலே துவைத்துப் பழகிய பருத்தித் துணி. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. காற்றின் ஈரத்தைக் காட்டும் கருவி ஒன்று சுவரில் இருந்தது. மழைக்காலத்தில், அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க ஓடுவதுபோல அண்ணி அதைப் பார்க்க ஓடுவாள்.

"முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றாள் அண்ணி.

"நான் யாரும்மா சொல்றதுக்கு? நான் சமையல்காரன். தலைவர் சொன்னாரு, நான் வந்து சொல்றேன்."

தலைவர் என்பவர் மியூசியக் கமிட்டித் தலைவர். அண்ணன் சமைக்கிற ஓட்டலும் அவருடையது. பாழடைந்து வௌவால் அடைந்து கிடந்த தியேட்டரை வாங்கி, புது நாற்காலி, புதுத் திரை போட்டு, ராணியின் படத்தோடேயே திறக்க வேண்டும் என்று தவம் கிடந்தவர். கெட்ட மனிதர் இல்லை. ஆசை கொஞ்சம் அதிகம்.

இதற்குள் மேசையின் மறுகோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய் தம்பி, போடறதுக்குத்தானடா துணி. பெட்டிக்குள்ள மூடி மூடி வெக்க அது என்ன பொணமான்னு உன் பொண்டாட்டிய கேளு."

அது டெய்லரக்கா. அண்ணனுக்கு மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். வாசலறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். தெருவில் பாதிப்பேர் உடம்பின் அளவு அவளுக்கு மனப்பாடம். கவுன் வந்த புதிதில் ஆசையாகப் பார்க்கப் போனவள், கை நீட்டித் தொடப்போக, அண்ணி நாலு பேர் எதிரில் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "வெறுங்கையால தொடாதீங்க அக்கா." அவ்வளவுதான். அன்றிலிருந்து டெய்லரக்கா அண்ணியோடு நேராகப் பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றாலும் தம்பி வழியாகத்தான். தம்பி ஓட்டலில் இருந்தால் என் வழியாக.

"பொணம் இல்ல, உடம்பு சரியில்லாதவங்க" என்றாள் அண்ணி. அதை அவள் யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. சூப்பைப் பார்த்துச் சொன்னாள்.

*

கமிட்டிக் கூட்டம் கன்றுக்குட்டி இருக்கும் அறையிலேயே நடந்தது. அண்ணி திரும்பி வந்தபோது குடையிலிருந்து தண்ணீர் கொட்டியது. குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் சமையலறைக்குள்ளேயே வந்து நின்றாள்.

"எல்லாரும் கை தூக்கிட்டாங்க" என்றாள். "நான் ஒருத்திதான் தூக்கல. விழாவுக்கு முன்னாடி சாவிய தலைவர்கிட்ட குடுத்துடணுமாம்."

அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டிலும் அவர்தான் சமையல். "ஒரு சாயங்காலம்தானே... போட்டுட்டுக் கழட்டிக் குடுத்துடப்போறாங்க."

"ஒரு சாயங்காலமா? அந்தக் காலத்துல பட்டுத் துணிய எடை போட்டு வித்தாங்க. கனம் கூடணும்னு உலோக உப்புத் தண்ணில ஊறவெப்பாங்க. அந்த உப்பு இத்தனை வருஷமா உள்ள இருந்து நூலத் தின்னுக்கிட்டிருக்கு. மேல மினுக்குதே ஜிகினா, அது ஜெலட்டின். ஜெல்லி செய்வீங்களே ஓட்டல்ல, அதே சரக்கு. வேர்வை பட்டா கரையும். மேடை வெளிச்சத்துல நின்னா உருகும். அது மேடைக்குப் போனா கவுனா திரும்பி வராது. குப்பையா வரும்."

"இதையெல்லாம் கூட்டத்துல சொன்னியா?"

"சொன்னேன். தலைவர் 'நீ ஜாஸ்தி பயப்படறம்மா'ன்னாரு."

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "என் வேலையும் அவர்கிட்டதான் இருக்கு. அதையும் ஒரு ஓரமா வெச்சுக்கிட்டுப் பேசு" என்றார்.

"வெச்சுக்கிட்டுத்தான் பேசறேன். அதனாலதான் அங்கயே சாவிய தூக்கி எறியாம வந்தேன்."

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மழை விட்டபாடில்லை. மறுநாள் அண்ணி வேலைக்குக் கிளம்பி வாசலறையைத் தாண்டும்போது தையல் மிஷின் நின்றது.

"நில்லு" என்றாள் டெய்லரக்கா.

அண்ணி நின்றாள். நானும் மாடியிலிருந்து இறங்கி வந்தவள் படியிலேயே நின்றுவிட்டேன். தம்பி இல்லாமல், நான் இல்லாமல், நேராக வந்த வார்த்தை.

"அந்தக் கவுன எனக்குக் காட்டு. கையுறை குடு, போட்டுக்கறேன். நீ சொல்றது நெசமா, இல்ல சும்மா பூச்சி காட்டறியான்னு நானே பாக்கணும். நெசம்னா நான் உன் பக்கம். இல்லன்னா நானே அந்த நடிகைக்கு ஊக்கு மாட்டி விடுவேன்."

*

எனக்கு அன்று மதிய ஷிப்ட் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று டெய்லரக்கா சொன்னாள்.

உள்ளறையில் விளக்கு மங்கலாக எரிந்தது. அண்ணி பெட்டியின் மூடியை எடுத்து, தாள்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். நான் அதுவரை கவுனை முழுதாகப் பார்த்ததில்லை. படத்தில் வெள்ளைவெளேரென்று இருக்கும். நேரில் அது வெள்ளையே இல்லை. இளம் மஞ்சள். வெண்ணெயில் கொஞ்சம் வெயில் கலந்தாற்போல ஒரு நிறம்.

"வெள்ளை கட்டினா அந்தக் காலத்துக் கேமராவுல கண்ணு கூசுமாம்" என்றாள் அண்ணி. "அதனால வெளிர் மஞ்சள்ல தெச்சாங்க. படத்துல வெள்ளையா விழுந்துச்சு."

டெய்லரக்கா குனிந்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்து மேலே, மேலேயிருந்து கீழே என்று பார்த்துக்கொண்டே போனாள். சாதாரணமாக ஒரு துணியைக் கண்டால் விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டாள். அன்று அவள் வலது கை தானாக எழுந்தது. பாதி வழியிலேயே நின்றது. அதை அவளே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மடிப்பு விழுந்த இடமெல்லாம் பட்டு, காய்ந்த வயல்போல நீளநீளமாக வெடித்திருந்தது. அக்குளில் ஜிகினாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாகியிருந்தன.

"இது என்ன?"

"ராணியம்மா வேர்வை. படம் எடுத்த அன்னிக்கே உருகியிருக்கு."

டெய்லரக்கா நிமிர்ந்தாள். அவள் கண் கலங்கியதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் குரல் மாறியிருந்தது.

"எவன் வெட்டினானோ, மகாராசன். முழுக்கக் கிராஸ் கட். துணியச் சாய்வா வெட்டி உடம்போட உருக விட்டிருக்கான். பக்கத்துல ஒரு தையல்கூட நேரா வரல பாரு, எல்லாம் சுத்திக்கிட்டு முதுகுக்குப் போவுது. நான் வருஷக்கணக்கா தைக்கறேன், இப்படி ஒண்ணு யோசிச்சதில்ல." பிறகு அண்ணி பக்கம் திரும்பினாள். "இத எவளாவது போட்டா நான் அவ கைய ஒடைப்பேன்."

"கைய ஒடைக்கறதுக்குப் பதிலா வேற ஒண்ணு செய்யலாம் அக்கா" என்றாள் அண்ணி. அவள் ராத்திரி முழுக்க அதைத்தான் மனசில் போட்டு உருட்டியிருக்க வேண்டும். "இதே மாதிரி இன்னொண்ணு தெச்சுத் தர்றீங்களா?"

*

அதன்பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேசை வெட்டு மேசையாகிவிட்டது. நாங்கள் மாடிப்படியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அவித்த முட்டையும் ரொட்டியும்தான் பெரும்பாலும். அடுப்புப் புகை துணியில் ஏறும் என்று டெய்லரக்கா தாளிப்பதைத் தடை செய்திருந்தாள். அண்ணன் சமையலறையில் அனாதைபோல நின்றார்.

அசல்மேல் வைத்து அளக்க முடியாது, ஊசி குத்த முடியாது. அண்ணி மியூசியத்தில் பெட்டியருகே உட்கார்ந்து, கவுனைத் தொடாமல் மேலே மெல்லிய கண்ணாடித்தாளைப் பிடித்து, ஒவ்வொரு தையலும் எங்கே திரும்புகிறது என்று வரைந்து கொண்டுவருவாள். டெய்லரக்கா அதை மலிவான பருத்தித் துணியில் வெட்டி, ஆளுயரத் தையல் பொம்மைமேல் மாட்டி, உதட்டைப் பிதுக்குவாள்.

"இங்க தொங்குது. இடுப்புக்கிட்ட திரும்ப ஒருதரம் பாத்துட்டு வா."

"மூணு தரம் பாத்துட்டேன் அக்கா."

"நாலாவது தரம் பாத்தா கண்ணு தேஞ்சு போயிடுமா?"

அண்ணி குடையை எடுத்துக்கொண்டு போவாள். திரும்பி வந்து, "நீங்க சொன்னதுதான் சரி. அங்க ஒரு சின்ன முக்கோணம் ஒட்டுப்போட்டிருக்கு, நான்தான் கவனிக்கல" என்பாள். டெய்லரக்கா வாயில் ஊசிகளைக் கவ்வியபடியே சிரிப்பாள். சில நாள் நேர்மாறாக நடக்கும். டெய்லரக்கா அடம்பிடித்து ஒரு பக்கத்தைத் தைத்து முடிப்பாள். அண்ணி ஒன்றும் சொல்லாமல் வரைபடத்தை மேலே வைப்பாள். டெய்லரக்கா ஒன்றும் சொல்லாமல் தையலைப் பிரிப்பாள்.

மணி கோப்பது என் தலையில் விழுந்தது. டெலிபோன் ஆபீசிலிருந்து வந்ததும் தட்டில் மணிகளைக் கொட்டிக்கொண்டு உட்கார்வேன். கண் பூத்துப்போகும். கோத்த வரிசையைத் தூக்கிப் பார்த்து டெய்லரக்கா, "மாடிவீட்டம்மா, இது மணியா, எறும்பு ஊர்வலமா? ஒழுங்கா ஒண்ணு பின்னாடி ஒண்ணு போகச் சொல்லும்மா" என்பாள்.

பட்டு வந்தது. வெளிர் மஞ்சளில் சாயம் போடப் பழைய குண்டானைக் கேட்டபோது அண்ணன், "அதுல நான் சூப் வெக்கறேன்" என்றார். "இனிமே வெக்காத" என்றாள் அக்கா. நான்கு தடவை சாயம் போட்டு, நான்காவது தடவைதான் அந்த வெண்ணெய் நிறம் விழுந்தது.

இவ்வளவும் தலைவருக்குத் தெரியாது. அவர் சாவி கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அண்ணி தலைவலி, காய்ச்சல், பூட்டு இறுகிவிட்டது என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம், சமையல் மும்முரமாக இருக்க வேண்டிய நேரத்தில், அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றார். கையில் ஒரு துணிச்சுருள். அவருடைய சொந்தக் கத்திகள் அதற்குள்தான் இருக்கும். ஓட்டலைவிட்டு அது வெளியே வந்து நாங்கள் பார்த்ததில்லை.

அண்ணி பதறிப்போய், "என்னங்க ஆச்சு?" என்றாள்.

"'உன் பொண்டாட்டி சாவிய தர மாட்டேங்கறா, பூட்ட உடைக்க ஆள் அனுப்பட்டுமா'ன்னு கேட்டாரு. அனுப்புங்க, ஆனா விழா விருந்துக்கு வேற சமையல்காரனப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டேன். வாயிலிருந்து அதுவா வந்துடுச்சு." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கே பயமா இருக்கு. கொஞ்சம் தண்ணி குடு."

அண்ணி தண்ணீர் கொடுக்கவில்லை. எங்கள் எதிரிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீரை நான்தான் கொண்டுவந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் நின்றது. தலைவர் குடைகூட இல்லாமல் இறங்கி, "என்னப்பா, இத்தனை வருஷம் பழகிட்டு ஒரே வார்த்தைல..." என்று சொல்லிக்கொண்டே வாசலறைக்குள் நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பொம்மைமேல் இளம் மஞ்சளாக, விளிம்பு மணிகள் பாதி கோத்தபடி, கவுன் நின்றுகொண்டிருந்தது.

"அய்யய்யோ! இத ஏம்மா இங்க கொண்டுவந்தீங்க? வெளிய இந்த மழை பெய்யுது! ஜன்னல மூடுங்க! ஈரம் ஆகாதுன்னு நீதானம்மா சொன்ன!" தலைவர் தானே ஓடி ஜன்னலைச் சாத்தினார். நனைந்த தன் கையைக் கவுன் பக்கம் போகாமல் தூக்கி வைத்துக்கொண்டார்.

டெய்லரக்கா மிஷினிலிருந்து எழுந்து வந்து, கவுனின் விளிம்பைப் பிடித்து நன்றாக ஒரு உதறு உதறினாள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. இது நான் தெச்சது."

தலைவர் கண்ணைத் திறந்தார். கிட்டே வந்தார், தள்ளிப்போய்ப் பார்த்தார், திரும்பக் கிட்டே வந்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்து, தையல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானே ஏமாந்துட்டேனே! ஆனா நான் ஏமாந்தா போதாதும்மா. அந்தம்மா அசல்தான் வேணும்னு அடிச்சுச் சொல்லியிருக்காங்க. வர்றாங்க. நீங்களே பேசிக்குங்க. அவங்க சரின்னா எனக்கும் சரி." எழுந்து போகும்போது அண்ணனிடம், "கத்திய எடுத்துக்கிட்டு வாடா. அடுப்புல எல்லாம் தீயுது" என்றார்.

*

நடிகை விழாவுக்கு முந்தின நாள் மியூசியத்துக்கு வந்தாள். திரையில் தெரிவதைவிடச் சின்ன உருவம், பெரிய குரல். தூக்கம் இல்லாத கண். உதவியாளர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தாள். தலைவர் பின்னால் கைகட்டி நின்றார். புதுக் கவுனை உள்ளறைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு டெய்லரக்காவும் நானும் ஓரமாக நின்றோம்.

அண்ணி விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் இறுகிவிட்டது.

"நகலா? பேப்பர்லயெல்லாம் அசல்னு சொல்லியாச்சு. நகலப் போட்டுக்கிட்டு நிக்க நான் என்ன டூப்பா? முதல்ல டூப்பாத்தான் இருந்தேன், தெரியுமா உங்களுக்கு? மத்தவங்களுக்காகக் குதிரையிலேர்ந்து விழுந்திருக்கேன். அதெல்லாம் தாண்டி இங்க வந்திருக்கேன். ராணியம்மா போட்டத ஒரு தடவை நான் போடணும். அது என் ஆசை. நான் ஜாக்கிரதையா இருப்பேன்."

அண்ணி வாதாடவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினாள். நடிகை குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு" என்றாள். ஆனால் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

அண்ணி அலமாரியிலிருந்து ஒரு சின்னத் தாள் மடிப்பை எடுத்தாள். கவுனின் உள்பக்கத் துணியிலிருந்து, வந்த அன்றைக்கே உதிர்ந்து கிடந்த ஒரு துண்டு. உள்ளங்கையளவுதான் இருக்கும். உதிர்ந்த துண்டுகள் வேறு பலவற்றையும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். இந்த ஒன்றைக் கொடுப்பது என்று அவள் முன்னமே தீர்மானித்திருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அது அவளுக்கு லேசான காரியம் இல்லை.

"கைய நீட்டுங்க" என்றாள்.

நடிகை நீட்டினாள். அண்ணி அந்தத் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தாள். இளம் மஞ்சள், பளபளப்பு குறையாத பட்டு.

"இப்ப கைய மூடுங்க. அழுத்த வேண்டாம். சும்மா மூடினா போதும்."

நடிகை விரல்களை மடக்கினாள்.

"திறங்க."

உள்ளங்கையில் துணி இல்லை. ரேகைகளுக்கிடையே மஞ்சள் பொடி மட்டும் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை மூடவும் இல்லை, உதறவும் இல்லை. தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆண்டவனே" என்றார்.

"மாடிப்படியில முதல் படி இறங்கறப்பவே இப்படித்தான் ஆகும்" என்றாள் அண்ணி. "நீங்க எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தாலும்."

நடிகை மெதுவாக, "இத நான் என்ன செய்யறது?" என்று கேட்டாள். அண்ணி தாளை நீட்டினாள். நடிகை மூச்சுவிடாமல் பொடியைத் தாளில் சாய்த்தாள். ஒரு துகள் கீழே போகவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். "அந்த இன்னொண்ணு எங்க? அளவு சரியா இல்லன்னா ரகளை பண்ணுவேன்."

"ரகளை பண்ணுங்க, நானும் பண்ணுவேன்" என்றாள் டெய்லரக்கா. "உங்க ஆளுங்க தலைவருக்கு அனுப்பின அளவு தப்பு. எந்த நடிகையும் இடுப்பு அளவ நெசமாச் சொன்னதில்லன்னு எனக்குத் தெரியும். அதான் உள்ள தாராளமா துணி விட்டு வெச்சிருக்கேன். வாங்க இப்படி."

நடிகை சிரித்த சிரிப்பில் கீழ்த்தளம்வரை அதிர்ந்தது. உள்ளறைத் திரைக்குப் பின்னால் டெய்லரக்கா ஊக்குக் குத்திக்கொண்டே அதட்டும் குரல் கேட்டது. "வயித்த உள்ள இழுக்காதீங்க. மூச்ச நல்லா விடுங்க. இது உங்களுக்குப் பயப்படணும், நீங்க இதுக்குப் பயப்படக் கூடாது."

*

விழா அன்று மழை நின்றுவிட்டது. தியேட்டர் வாசலில் நிற்க இடமில்லை. நாங்கள் மூன்று பெண்களும் நடுவரிசையில் உட்கார்ந்தோம். டெய்லரக்கா தனக்கென்று தைத்துக்கொண்ட நல்ல உடுப்பில், ஊசி செருகிய பட்டையைக் கழற்ற மறந்து மணிக்கட்டிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஏதாவது பிரிந்தால் ஓடத் தயாராக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

விளக்கு அணைந்தது. கறுப்பு வெள்ளையில் அந்தக் காட்சி ஓடியது. வெள்ளைக் கவுனில் ராணி இறங்கினாள். கடைசிப் படியில் கால் வைக்கும்போது படம் அப்படியே நின்று மறைய, மேடையில் வெளிச்சம் வந்தது. அங்கே ஒரு மாடிப்படி போட்டிருந்தார்கள். உச்சியில் நடிகை நின்றாள். வெள்ளை இல்லை. மஞ்சள்.

கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாக 'ஆ' என்றது. அத்தனை வருஷம் அவர்கள் நினைத்திருந்த நிறம் அவர்கள் கண்ணெதிரே மாறிவிட்டது. நடிகை இறங்கினாள். பட்டு அவளோடு திரும்பியது, அவளுக்கு முன்னால் வழிந்தது, விளிம்பு மணிகள் ஒவ்வொரு படியிலும் சலசலவென்று மோதின. நான் கோத்தவை. ஒன்றுகூடத் தெறிக்கவில்லை. பாதிப் படியில் அவள் நின்று, விளையாட்டாக ஒரு சுற்றுச் சுற்றினாள். டெய்லரக்கா என் தொடையைக் கிள்ளியதில் கன்றிப்போயிற்று.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நடிகை மைக்கைப் பிடித்தாள்.

"இது ராணியம்மா போட்ட கவுன் இல்ல. நான் அதப் போடத்தான் வந்தேன். அத எனக்குக் குடுக்க மாட்டேன்னு ஒருத்தர் சொல்லிட்டாங்க. என்கிட்ட யாரும் அப்படிச் சொல்லி ரொம்ப வருஷமாச்சு. அவங்க சொன்னதுதான் சரி. ராணியம்மா கவுன் மியூசியத்துல பத்திரமா படுத்திருக்கு. அதப் பாத்துக்கற அம்மா இருக்கறவரைக்கும் அது இருக்கும். இது எனக்காகத் தெச்சது. தெச்சவங்க அதோ உக்காந்திருக்காங்க. ரெண்டு பேரும் எழுந்து நில்லுங்க!"

அண்ணி எழுந்திருக்கவில்லை. டெய்லரக்கா தான் எழுந்து, அண்ணியின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். தியேட்டர் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. பக்கவாட்டுக் கதவருகில் அண்ணன் வெள்ளை அங்கியோடு நின்று, கரண்டியால் தட்டில் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைய விருந்தில் எல்லாமே சற்று உப்புத் தூக்கல். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

*

மறுநாள் காலை தலைவர் செய்யச் சொல்லியிருந்த இரும்பு அலமாரி மியூசியத்துக்கு வந்தது. மரம் கூடாது, மரத்திலிருந்து வரும் ஆவியே பட்டுத் துணியைக் கெடுக்கும் என்று அண்ணி சொல்ல, பட்டறையில் சொல்லி இரும்பில் செய்து, சுட்டுப் பூசிய வண்ணத்தோடு அனுப்பியிருந்தார். நீளமான, ஆழமில்லாத ஒரே இழுப்பறை. மேலே கண்ணாடி, அதற்குமேல் கனத்த துணிமூடி. பார்க்க வருகிறவர் மூடியை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நடிகை, "நான் பாக்காம போக மாட்டேன்" என்று வந்து நின்றாள். கவுனை அது படுத்திருந்த பலகையோடு தூக்கி, குறுகலான வாசலில் திருப்பி, முன்னறை இழுப்பறைக்குக் கொண்டுபோக வேண்டும். நான்கு மூலைக்கு நான்கு பேர். அண்ணன், அண்ணி, டெய்லரக்கா. நான்காவது மூலைக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் நடிகையைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே மோதிரங்களைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னதும் தூக்கணும்" என்றாள் அண்ணி. "யாரும் பேசக் கூடாது. யாருக்காவது தும்மல் வந்தா இப்பவே தும்மிடுங்க."

அண்ணன் உடனே தும்மினார். மற்ற மூவரும் அவரை முறைத்தார்கள்.

"தூக்குங்க."

பலகை எழுந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் அண்ணி ஒரு பக்கம் தாழ்ந்தாள். டெய்லரக்கா அதே அளவு எதிர்ப்பக்கம் தாழ்ந்தாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டே, வார்த்தையில்லாமல், பலகையை மட்டமாகவே திருப்பினார்கள். கவுன் அசையவில்லை. அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நடிகை உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தாள். கன்றுக்குட்டித் தொட்டியைத் தாண்டினார்கள். இழுப்பறை அருகே வந்து, குனிந்து, மூச்சைப் பிடித்து, இறக்கினார்கள். அடியில் பலகை இரும்பைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

அண்ணி தாள் திண்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒரு ஜிகினா உதிரவில்லை, ஒரு மணி நகரவில்லை. இரண்டு கையாலும் இழுப்பறையைத் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் நின்றது.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். டெய்லரக்கா அண்ணியின் தோளில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். "எங்கிட்டயா கையுறை கேட்ட நீ? இனிமே வர்றவங்க எல்லார்கிட்டயும் நான் கேக்கறேன் பாரு."

"கேளுங்க அக்கா. டிக்கெட்டும் நீங்களே கிழிங்க" என்றாள் அண்ணி. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

கீழே படிக்கட்டு வழியாக இரைச்சல் ஏறி வந்துகொண்டிருந்தது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். தண்ணீர் வாரியத்து வாசலிலிருந்து தெருமுனை பேக்கரிவரை ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வரிசையின் முதல் ஆளாகத் தலைவர், தன் மியூசியத்துக்குத் தானே டிக்கெட் வாங்க நின்றுகொண்டிருந்தார்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளக்கைத் தணித்துவிட்டு, கதவைத் திறந்தாள்.